உறைந்த பச்சைக் கறியை இளக்குவதும் திரும்ப உறைய வைப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே டிகிரி என்று வருவதெல்லாம் செல்சியஸ். ஃப்ரிட்ஜ் 4 டிகிரியிலோ அதற்குக் கீழேயோ, ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியிலோ ஓடுகிறது என்று வைத்துக்கொண்டுதான் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. கதவில் உள்ள 1, 2, 3 என்ற எண்கள் டிகிரி அல்ல. சின்ன தெர்மாமீட்டர் ஒன்றை நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீருக்குள் ஓரிரவு விட்டுக் காலையில் பார்த்தால் ஃப்ரிட்ஜின் உண்மையான குளிர்ச்சி தெரியும்.

ஒருமுறை ஐஸ் விட்ட கறியைத் திரும்ப ஃப்ரீசரில் வைக்கலாமா, கூடாதா?

எங்கே ஐஸ் விட்டது என்பதைப் பொறுத்தது. ஃப்ரிட்ஜுக்குள்ளேயே இளகியிருந்தால் சமைக்காமலே திரும்ப உறைய வைக்கலாம். குளிர்ந்த தண்ணீரிலோ மைக்ரோவேவிலோ இளக்கியிருந்தால் முதலில் சமைக்க வேண்டும், சமைத்ததை உறைய வைக்கலாம். வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் கிடந்திருந்தால் இரண்டும் வேண்டாம், தூக்கிப் போட வேண்டியதுதான். வெளி வெப்பம் 32 டிகிரிக்கு மேல் இருந்தால் அந்த 2 மணி நேரம் 1 மணி நேரமாகக் குறையும்.

"இரண்டாம் முறை உறைய வைத்தால் விஷமாகிவிடும்" என்று பலரும் சொல்வார்கள். உறைவதால் எதுவும் விஷமாவதில்லை. இரண்டு உறைதலுக்கும் நடுவே கறி எத்தனை மணி நேரம், எந்த வெப்பத்தில் கிடந்தது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. எத்தனை முறை என்று எண்ணுவதை விட்டு எத்தனை மணி என்று எண்ணப் பழகினால், இந்தப் பக்கத்தில் பாதிக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

உறைய வைத்தாலே கிருமிகள் செத்துவிடாதா?

சாகாது. கொஞ்சம் சாகும், பெரும்பாலானவை அப்படியே அசையாமல் கிடக்கும். இளகியதும் விட்ட இடத்திலிருந்து பெருகத் தொடங்கும். ஃப்ரீசர் என்பது கடிகாரத்தை நிறுத்துவது போல, முள்ளைப் பின்னால் திருப்பாது.

ஒட்டுண்ணிப் புழுக்களின் கதை வேறு. கடல்மீனில் இருக்கும் அனிசாக்கிஸ் புழு மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் வைத்தால் சாகும். பன்றிக்கறியில் வரும் டிரிக்கினெல்லா, 15 சென்டிமீட்டருக்குக் குறைவான கனமுள்ள துண்டில் மைனஸ் 15 டிகிரியில் 20 நாளில் சாகும். காட்டு விலங்கின் இறைச்சிக்கு இந்தக் கணக்கை நம்பக் கூடாது, அதில் குளிரைத் தாங்கும் டிரிக்கினெல்லா வகைகள் உண்டு. நன்றாக வேக வைப்பதுதான் வழி.

அந்த 2 மணி நேரக் கணக்கு எதற்கு? நன்றாகக் கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடாதா?

4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் பாக்டீரியாக்கள் நன்றாகப் பெருகும். அவற்றுக்குப் பிடித்த சூட்டில் சில வகைகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒன்று, 2 மணி நேரத்தில் 64 ஆகும். 4 மணி நேரத்தில் 4,096. முதல் 2 மணிக்கும் அடுத்த 2 மணிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். "இன்னும் கொஞ்ச நேரம்தானே" என்பது சரிப்படாத இடம் இது.

கொதிக்க வைத்தால் பாக்டீரியா சாகும், உண்மை. ஆனால் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற வகை பெருகும்போது உணவிலேயே ஒரு நஞ்சை விட்டுவைக்கும். அந்த நஞ்சு கொதிக்கும் சூட்டிலும் அழியாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி எடுக்க வைப்பது அதுதான். கிளாஸ்டிரிடியம் வகைகளோ, சூட்டைத் தாங்கும் வித்துகளாக மாறி ஒளிந்துகொள்ளும். கெட்டுப்போனதைச் சமையல் காப்பாற்றும் என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது.

காலையில் எடுத்துச் சமையல் மேடையில் வைத்தால் நடுவில் இன்னும் கல் மாதிரிதானே இருக்கிறது? அப்படியானால் கெடவில்லை என்றுதானே அர்த்தம்?

இந்தக் கேள்விதான் அதிகம் பேரை ஏமாற்றுகிறது. 1 கிலோ கட்டி ஒன்றை மேடையில் வைத்து 3 மணி நேரம் கழித்துக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் வெளுத்த, கத்தி இறங்காத ஐஸ் வட்டம். அதைச் சுற்றி விரலால் அழுத்தினால் மணல் மாதிரி நறநறக்கும் அரை இளகல். வெளியே ஒரு விரற்கடை கனத்துக்கு மெத்தென்று, ஈரமாக, தொட்டால் குளிரே தெரியாத பகுதி. பாக்டீரியா இருப்பது பெரும்பாலும் மேற்பரப்பில்தான். அவற்றின் கடிகாரம் வெளித்தோல் 4 டிகிரியைத் தாண்டியபோதே ஓட ஆரம்பித்துவிட்டது. நடுவில் இருக்கும் ஐஸுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

உறைவதைவிட இளகுவது மெதுவாக நடப்பதற்கும் காரணம் உண்டு. ஐஸ் வெப்பத்தைத் தண்ணீரைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு எளிதாகக் கடத்தும். உறையும்போது வெளியே உருவாகும் ஐஸ் ஓடு, உள்ளிருந்து வரும் சூட்டைச் சட்டென்று வெளியேற்றிவிடும். இளகும்போது நேர் எதிர். வெளியே இளகிய ஈரப் பகுதி ஒரு போர்வை போல நின்று உள்ளே சூடு போகவிடாமல் தடுக்கும். அதனால்தான் வெளிப்பகுதி கெடும் நிலைக்கு வந்த பிறகும் நடுப்பகுதி கட்டியாகவே இருக்கிறது.

ஃப்ரிட்ஜில் இளக்க எவ்வளவு நேரம் ஆகும்?

அரைக் கிலோ கொத்துக்கறியோ எலும்பில்லாத துண்டுகளோ ஏறத்தாழ ஒரு நாள். முழுக் கோழி 1 முதல் 2 நாள், சில சமயம் அதற்கும் மேல். பெரிய முழுத் துண்டுகளுக்கு 2 கிலோவுக்கு 24 மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 6 கிலோ என்றால் 3 நாள்.

விளிம்பு உயர்ந்த தட்டில் வைத்து, கீழ்த்தட்டில் வையுங்கள். மேல்தட்டில் வைத்தால் சொட்டும் நீர் கீழே இருக்கும் பழத்திலோ சமைத்த உணவிலோ விழும், அதைத் திரும்ப யாரும் வேக வைக்கப் போவதில்லை. கவரில் ஓட்டை இல்லை என்று நம்பித் தட்டை விட்டுவிடாதீர்கள். உறைந்த எலும்பு முனை கவரைக் குத்தியிருப்பது ஐஸ் விட்ட பிறகுதான் தெரியும்.

முழுதாக இளகிய பின், கோழி, கொத்துக்கறி, சிறு துண்டுகள், மீன் ஆகியவை இன்னும் 1 முதல் 2 நாள் ஃப்ரிட்ஜில் தாங்கும். ஆடு, மாடு, பன்றியின் பெரிய துண்டுகள் 3 முதல் 5 நாள். திரும்ப உறைய வைப்பதானாலும் இதே நாளுக்குள். கடைசி நாளில் உறைய வைத்தால் அடுத்த முறை எடுத்து இளக்கும்போது கையில் நாள் எதுவும் மிச்சம் இருக்காது. எனவே வேண்டாம் என்று முடிவானால் அன்றைக்கே ஃப்ரீசருக்கு அனுப்பிவிடுவது நல்லது.

இன்றே சமைக்க வேண்டும், தண்ணீரில் போட்டு இளக்கலாமா?

தாராளமாக. ஆனால் மூன்று விஷயம் தவறக் கூடாது. கறி நீர் புகாத பைக்குள் இருக்க வேண்டும், தண்ணீர் குழாயில் வரும் குளிர்ந்த தண்ணீராக இருக்க வேண்டும், 30 நிமிடத்துக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும்.

ஜிப் பையில் கறியைப் போட்டு, வாயை ஒரு விரல் அளவு மட்டும் திறந்து வைத்துத் தண்ணீருக்குள் மெல்ல இறக்குங்கள். தண்ணீரின் அழுத்தமே உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளும். வாய் தண்ணீர் மட்டத்துக்கு வரும்போது மூடிவிடுங்கள். காற்று இருந்தால் பை மிதக்கும், மிதக்கும் பக்கம் இளகாது. மேலே ஒரு கனமான தட்டைக் கவிழ்த்து வைத்தால் முழுக அமிழ்ந்திருக்கும். அரைக் கிலோ பொட்டலம் ஒரு மணி நேரத்துக்குள் தயார். ஒன்றரை முதல் 2 கிலோவுக்கு 2 முதல் 3 மணி நேரம்.

தண்ணீர் ஏன் மேடையைவிட வேகம்? காற்றைவிடத் தண்ணீர் பல மடங்கு விரைவாகச் சூட்டைக் கொண்டுசேர்க்கும். மாற்றாமல் விட்டால் கறியை ஒட்டிய தண்ணீர் ஐஸ் தண்ணீராகி வேலை நின்றுவிடும். குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக வரும் வீடானால் இரண்டு மூன்று ஐஸ் கட்டிகளைப் போட்டுக் குளிர வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

இளகியதும் உடனே அடுப்புக்கு. இந்த முறையில் கறியின் வெளிப்பகுதி 4 டிகிரியைத் தாண்டியிருக்கும் என்பதால் பச்சையாகத் திரும்ப ஃப்ரீசருக்குப் போகக் கூடாது. பையில்லாமல் தண்ணீரில் போட்டால் தண்ணீரிலும் சிங்க்கிலும் இருக்கும் கிருமி கறிக்கு ஏறும், கறியும் ஊறிச் சவசவவென்று ஆகும்.

சுடுதண்ணீர்?

வேண்டாம். கனமான கட்டியின் வெளிப்பக்கம் அரைவேக்காடாகும், நடுப்பகுதி அப்போதும் இளகாது.

மைக்ரோவேவில் இளக்கும்போது ஓரம் வெந்துவிடுகிறதே, ஏன்?

மைக்ரோவேவ் அலை தண்ணீரை வேகமாகச் சூடாக்கும், ஐஸைச் சூடாக்குவது மிகக் குறைவு. ஓரத்தில் ஒரு சொட்டு இளகிவிட்டால் அந்த இடம் மற்ற இடத்தைவிட அதிக அலையை இழுத்துக்கொள்ளும், இன்னும் சூடாகும். அது வேகும் நேரத்தில் பக்கத்தில் ஐஸ் அப்படியே இருக்கும்.

அதற்குத்தான் டிஃப்ராஸ்ட் அமைப்பு. அலையை விட்டுவிட்டு அனுப்பி, நடுவில் சூடு பரவ நேரம் கொடுக்கும். அந்தப் பொத்தான் இல்லாவிட்டால் 30 சதவீத அளவில் 2 நிமிடம், ஒரு நிமிடம் நிறுத்தம், புரட்டிப் போட்டுத் திரும்ப 2 நிமிடம் என்று செய்யுங்கள். கொத்துக்கறியானால் இளகிய பகுதியைச் சுரண்டித் தனியே எடுத்துவிட்டு மீதியை மட்டும் உள்ளே வையுங்கள். ஃபோம் தட்டு, சுற்றிய பிளாஸ்டிக், கறிக்கு அடியில் கடைக்காரர் வைத்த ஈரம் உறிஞ்சும் திண்டு எல்லாவற்றையும் முதலில் எடுத்துவிட வேண்டும். வெளியே எடுத்ததும் உடனே சமையல்.

இளக்காமல் அப்படியே சமைத்தால்?

பாதுகாப்பானதுதான், பல சமயம் இதுவே சிறந்த வழியும்கூட. வழக்கமான நேரத்தைப்போல ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். துண்டு மெல்லியதாக இருந்தால் நன்றாக வரும். கனமாக இருந்தால் வெளியே காய்ந்து உள்ளே பச்சையாக நிற்கும்.

இரண்டு இடத்தில் மட்டும் கூடாது. ஒன்று, மெதுவாகச் சமைக்கும் ஸ்லோ குக்கர்: கறி பல மணி நேரம் வெதுவெதுப்பிலேயே கிடக்கும். இரண்டு, காய்ந்த எண்ணெய்: ஒட்டியிருக்கும் ஐஸ் எண்ணெயில் விழுந்ததும் ஆவியாகி வெடிக்கும். முகம் சுடும், பொங்கி வழிந்தால் தீப்பிடிக்கும்.

வெந்ததா என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். தெர்மாமீட்டரை எலும்பில் படாமல் கனமான பகுதியின் நடுவில் குத்துங்கள். கோழி 74 டிகிரி, கொத்துக்கறி 71, மற்ற விலங்குகளின் முழுத் துண்டு 63 (இறக்கி 3 நிமிடம் விட வேண்டும்), மீன் 63.

ஒரே கட்டியாக 2 கிலோ உறைந்துவிட்டது, பாதிதான் வேண்டும்.

முழுதாக இளகும்வரை காத்திருக்க வேண்டாம். ஃப்ரிட்ஜில் வைத்து, துண்டுகளைப் பிரிக்க முடிகிற அளவுக்கு, அதாவது இடையில் ஐஸ் இன்னும் பளபளக்கும்போதே எடுத்துப் பிரியுங்கள். வேண்டாததை அப்போதே ஃப்ரீசருக்கு அனுப்பிவிடலாம். ஐஸ் துகள் இருக்கும் கறி திரும்ப உறைவதற்குத் தயக்கமே வேண்டாம், தரமும் அவ்வளவாகக் குறையாது. கத்தியைக் கட்டிக்குள் குத்தி நெம்பாதீர்கள். கத்தி வழுக்கிக் கை கிழிவது இந்த வேலையில்தான்.

திரும்ப உறைய வைத்தால் ருசி கெடுமா?

கொஞ்சம் கெடும். கொழுப்பில்லாத கறியில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். அதில் பெரும்பகுதி மைனஸ் 1 முதல் மைனஸ் 5 டிகிரிக்குள் உறைகிறது. வீட்டு ஃப்ரீசர் அந்த இடைவெளியை மெதுவாகக் கடப்பதால் ஐஸ் படிகங்கள் பெரிதாக வளர்ந்து தசை நார்களைக் கிழிக்கும். இளகும்போது கிழிந்த இடத்திலிருந்து நீர் வடியும். ஒவ்வொரு சுற்றிலும் இது கூடும். தட்டில் தேங்கும் அந்தச் சிவப்பு நீர் இரத்தமென்று பலர் நினைக்கிறார்கள். அது தண்ணீரும், தசைக்கு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதமும்தான்.

கொத்துக்கறியிலும் நீண்ட நேரம் வேகும் துண்டிலும் இந்த இழப்பு பெரிதாகத் தெரியாது. மீனிலும் கோழி நெஞ்சுக்கறியிலும் நன்றாகத் தெரியும்: ஒன்று நொறுங்கும், இன்னொன்று நார் நாராகக் காயும். இவை இரண்டையும் சமைத்து உறைய வைப்பதே மேல்.

திரும்ப உறைய வைக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

வேகம்தான் எல்லாம். வடிந்த நீரைக் கொட்டிவிட்டு, காகிதத் துண்டால் மேற்பரப்பை ஒற்றி எடுங்கள். அந்த ஈரம்தான் பிறகு பையில் பனித்தூளாகப் படிகிறது. ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, பையில் போட்டு, 2 சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டையாக அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். உருண்டையாக உறைந்த அரைக் கிலோவைவிடத் தட்டையாக உறைந்த அரைக் கிலோ வேகமாக உறையும், அடுத்த முறை வேகமாக இளகவும் செய்யும். அலுமினியத் தட்டின் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள், உறைந்த பிறகு அடுக்கிக்கொள்ளலாம்.

ஒரே நேரத்தில் அள்ளித் திணிக்காதீர்கள். 100 லிட்டர் ஃப்ரீசரானால் ஒரு நாளைக்குப் புதிதாக 3 முதல் 4 கிலோ போதும். அதற்கு மேல் போனால் உள்ளே ஏற்கனவே உறைந்திருப்பதும் சேர்ந்து இளக ஆரம்பிக்கும்.

பையில் மூன்று விவரம் எழுதுங்கள்: என்ன கறி, எந்தத் தேதி, "2-ஆம் முறை". பேனாவை ஈரப்பை ஏற்காது, பையில் கறி போடும் முன்பே எழுதிவிடுங்கள். கொத்துக்கறியை 3 முதல் 4 மாதத்துக்குள் தீர்ப்பது நல்லது. அதைத் தாண்டினால் ஆபத்தில்லை, கொழுப்பு சிக்குவாடை அடிக்கும்.

கடையில் வாங்கும்போதே "ஏற்கனவே உறைய வைத்தது" என்று போட்டிருந்தால்?

வழியில் குளிர்ச்சி விட்டுப்போகாமல் வீட்டுக்கு வந்திருந்தால் உறைய வைக்கலாம்.

மின்சாரம் போய் ஃப்ரீசர் நின்றுவிட்டது. எல்லாவற்றையும் கொட்ட வேண்டுமா?

கதவைத் திறக்காமல் இருந்தால், நிரம்பிய ஃப்ரீசர் ஏறத்தாழ 48 மணி நேரமும், பாதி நிரம்பியது 24 மணி நேரமும் குளிரைப் பிடித்து வைத்திருக்கும். ஃப்ரிட்ஜ் பகுதிக்கு 4 மணி நேரம்தான். மின்சாரம் வந்ததும் ஒவ்வொரு பொட்டலமாகத் தொட்டுப் பாருங்கள். உள்ளே ஐஸ் துகள் இருக்கிறதா, அல்லது தெர்மாமீட்டர் 4 டிகிரிக்குள் காட்டுகிறதா? அப்படியானால் திரும்ப உறைய விடலாம். இல்லையென்றால் எவ்வளவு நேரமாக அப்படி இருந்தது என்று தெரியாத கறியை நம்ப வேண்டாம்.

வெளியூர் போகும்போது ஒரு பழைய உபாயம் உதவும். ஒரு டம்ளர் தண்ணீரை முழுதாக உறைய வைத்து, அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். வந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் நிம்மதி. அடியில் உறைந்து கிடந்தால், நீங்கள் இல்லாத நேரத்தில் எல்லாம் உருகித் திரும்ப உறைந்திருக்கிறது. பார்வைக்குக் கல் மாதிரி இருந்தாலும் அந்தக் கறி வேண்டாம்.

உப்பும் எலுமிச்சையும் தடவி ஊற வைத்த கறிக்கும் இதே விதியா?

இதே விதிதான். அந்த அளவுப் புளிப்பும் உப்பும் கிருமியைக் கொல்லாது. ஊற வைத்தபடியே உறைய வைக்கலாம், ஆனால் இளகும் நேரத்திலும் புளிப்பு வேலை செய்துகொண்டே இருக்கும், திரும்ப உறைய வைத்தால் மேற்பரப்பு மாவு மாதிரி ஆகிவிடும். வடித்த ஊறல் சாற்றைப் பயன்படுத்த வேண்டுமானால் கொதிக்க வைத்த பிறகே.

மீனுக்குத் தனியாக ஏதாவது உண்டா?

இரண்டு விஷயம். காற்றில்லாமல் அடைத்த பையில் வந்த உறைமீனை ஃப்ரிட்ஜில் இளக்கும் முன் பையைக் கிழித்துவிடுங்கள். பொட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் பாக்டீரியாவின் ஒரு வகை, காற்றில்லாத இடத்தில் 3 டிகிரியைச் சற்றே தாண்டினாலும் வளர வல்லது. காற்றுப் பட்டால் அதற்கு வழியில்லை.

இன்னொன்று, சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்கள் வெளியே கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். முகம் சிவந்து, அரித்து, தலைவலிக்க வைப்பது இது. உறைய வைத்தாலும் போகாது, வேக வைத்தாலும் போகாது.

மோந்து பார்த்தால் தெரிந்துவிடாதா?

நாற்றம் அடிப்பதைச் சாப்பிட வேண்டாம், அதில் சந்தேகமில்லை. ஆனால் நாற்றம் அடிக்காததெல்லாம் நல்லது என்று சொல்ல முடியாது. வாடையைத் தருபவை ஒரு கூட்டம், நோயைத் தரும் சால்மொனெல்லா போன்றவை வேறு கூட்டம். இரண்டாவது கூட்டம் வாடையே காட்டாமல் இருக்கலாம்.

கறியில் சாம்பல் நிறத்தில் காய்ந்த திட்டுகள் இருக்கின்றனவே?

ஐஸ் நேரடியாக ஆவியாகிப் போன இடம். ஆபத்தில்லை, தோல் மாதிரி இருக்கும். அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிடுங்கள்.

இளகிய கறியைக் கழுவ வேண்டுமா?

பாதுகாப்புக்காகக் கழுவத் தேவையில்லை. குழாய்த் தண்ணீர் கோழியின் மேல் பட்டுத் தெறிக்கும்போது பக்கத்தில் இருக்கும் தட்டு, டம்ளர் எல்லாவற்றிலும் கிருமி ஏறும், கறியிலிருந்தோ முழுதாகப் போகாது. கழுவித்தான் ஆக வேண்டும் என்பவர்கள் குழாயைத் திறந்துவிடாமல் பாத்திரத் தண்ணீரில் அலசுங்கள், பக்கத்தில் இருப்பதை முன்பே நகர்த்திவிடுங்கள்.

எப்படியும், இளக்கிய தட்டு, வெட்டிய பலகை, சிங்க் மூன்றையும் முதலில் சோப்பும் சுடுதண்ணீரும் போட்டுத் தேயுங்கள். பிறகு 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வாசனை சேர்க்காத குளோரின் ப்ளீச் கலந்து ஊற்றிச் சில நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரில் அலசிக் காயவிடுங்கள். வரிசை மாறக் கூடாது, கொழுப்பு ஒட்டியிருக்கும் இடத்தில் ப்ளீச் வேலை செய்யாது. துடைத்த துணி அன்றைக்கே துவைக்கப் போகட்டும்.